கோல்கீப்பர் இன்னும் அசையவில்லை

மாலை நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம். ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை, அன்றைய ஒளிபரப்பின் பதிவில் என் குரலே அதைச் சொல்கிறது. "மணி நான்கு இருபத்திரண்டு. வாடிப்பட்டியில் மகளிர் கால்பந்து இறுதி ஆட்டம். ஆளுக்கு ஒரு கோல்" என்று சொல்லி வாயை மூடவில்லை, எதிரணியின் ஒன்பதாம் எண் பெண் நடுக்கோட்டைத் தாண்டி நின்று ஒரு நீண்ட பாஸை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"ஒன்பதாம் எண் தனியாகப் போகிறார். பின்னால் ஆள் இல்லை. கோல்கீப்பர் வெளியே வருகிறார். பந்து இருவருக்கும் நடுவில். யார் முதலில்? யார் முதலில்? கோல்கீப்பர் பாய்கிறார்…"

அதற்கப்புறம் ஒரு சத்தம். முழங்காலும் தலையும் மோதிய சத்தம் சாரக் கம்பு கட்டிப் போட்டிருந்த எங்கள் வர்ணனைப் பரண் வரைக்கும் கேட்டது. பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. ஒன்பதாம் எண் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கோல்கீப்பர் எழவில்லை.

அந்தக் கோல்கீப்பர் என் மகள் அபிராமி.

இந்த சீசனோடு மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். என்னோடு வர்ணனை செய்த பிள்ளைகள் விடுவதாக இல்லை. "குரல் கணீர்னுதான இருக்கு, என்னண்ணே அவசரம்?" என்று சரவணன் வாரம் ஒருமுறை போன் போடுகிறான். அன்றைக்குப் பரணில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். "அந்த அம்புட்டு நேரமும் எப்படிண்ணே பேசுனீங்க? எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு" என்று கேட்கிறான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் பந்தாட வந்தவன், பேச வந்தவன் இல்லை. ஒரு மில் அணியில் இடது விங். ஏழு வருஷம் நல்ல ஓட்டம். பிறகு ஒரு ஈர மைதானத்தில் திரும்பும்போது முழங்கால் திரும்பவில்லை, நான் மட்டும் திரும்பினேன். மூட்டுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில், என் இடத்தில் ஆடவந்தவனைப் பார்த்து வயிறு எரியும். அந்த எரிச்சலில் சும்மா இருக்க முடியாமல் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருப்பேன்: "வாங்கிட்டான். பார்த்தான். எங்க பார்த்தான்? வானத்தைப் பார்த்தான். இப்ப கொடுக்கணும். கொடுக்கல. போச்சு." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துச் சாவார்கள்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். கழுத்துவரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, வாயில் கிராம்பு. வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த சற்குணம் சார்.

"தம்பி, கண்ணை மூடிக்கிட்டு கால் மணி நேரம் உன்னைத்தேன் கேட்டுக்கிட்டிருந்தேன். அந்தப் பய மேல இருக்கிற பொறாமையை மட்டும் எடுத்துட்டா, மிச்சத்தை ரேடியோவுல போடலாம்."

பொறாமையை எடுக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

சாரிடம் கற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாற்காலியை மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஆட்டம் அவருக்குப் பின்னால் நடக்கும். "எனக்குப் பந்தைக் காட்டு" என்பார். அவ்வளவுதான் பாடம். நான் பேசப் பேச, பந்து எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாமல் போகிற கணத்தில் உள்ளங்கையை உயர்த்துவார். மறுபடி தெரிந்ததும் இறக்குவார். முதல் நாள் அந்தக் கை இறங்கவே இல்லை. போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ஆட்டம் முடியும்வரை தூக்கிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் தோளைத் தேய்த்துக்கொண்டே, "எனக்குத்தான்டா மூட்டு போச்சு" என்றார்.

'அற்புதம்', 'பிரமாதம்' என்று நான் சொன்னால் கிராம்பைத் துப்புவார். "அற்புதமா இல்லையான்னு கேக்குறவன் முடிவு பண்ணிக்கிடுவான். அவனுக்குக் கண்ணு இல்ல, நீதேன் கண்ணு. கண்ணு என்னைக்காச்சும் பிரமாதம்னு சொல்லுமா? பார்க்கும். அம்புட்டுதேன்."

இதைவிட முக்கியமான பாடத்தை அவர் கற்பிக்கவில்லை, நடந்தது. எனக்கு முன்பே பேசிக்கொண்டிருந்த ஒரு சீனியர், ஒரு ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் மயங்கி விழுந்ததும் பதறி, பெயரைச் சொல்லி, "மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை" என்று ஒலிபரப்பிவிட்டார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சு வராமல் இருந்துவிட்டார். வெயில் மயக்கம்தான். அந்த ஆட்டக்காரர் அரைமணி நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குள் அவருடைய அம்மா ஊரிலிருந்து உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வேனில் கிளம்பிவிட்டார். மைதானம் எங்கே என்று தெரியாமல் நேரே வானொலி நிலையத்துக்கு வந்து, வாசலில் தலையில் அடித்துக்கொண்டு, "எம்புள்ளைய எங்கய்யா வச்சிருக்கீக?" என்று கேட்டார். பிள்ளை ரேடியோவுக்குள் செத்ததாகத்தான் அந்த அம்மாவுக்குப் பட்டிருக்கிறது.

சார் ஆட்டோ பிடித்து அந்த ஆட்டக்காரரைக் கையோடு கூட்டிவந்து அம்மா முன்னால் நிறுத்தினார். அந்த அம்மா மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டார். அப்புறம்தான் அழுதார்.

அன்றைக்கு சாயங்காலம் சார் எங்களை உட்காரவைத்துச் சொன்னதை நான் இத்தனை வருஷமும் மாற்றவில்லை. "அடிபட்டு விழுந்தவன் வீட்டுல ஒரு பொம்பள ரேடியோ முன்னாடி உக்காந்திருப்பா. அவளுக்குத்தேன் நீ பேசுற, வேற யாருக்கும் இல்ல. பேரைச் சொல்லாத. ஊகத்தைச் சொல்லாத. கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்லு: யாரு பக்கத்துல போனா, என்ன செய்யுறாக, கை அசையுதா கால் அசையுதா. அசையலைன்னா அசையலைன்னு சொல்லு. ஆறுதல் சொல்ற வேலை உனக்கு இல்ல. ஆனா ஒண்ணு, வாயை மட்டும் மூடிறாத. நீ மூடுனா அவ எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கிடுவா."

வானொலிக்குப் பிறகு உள்ளூர் கேபிள், அதற்குப் பிறகு செல்போனில் பார்க்கும் நேரலை. மில் மூடி, வேறு இடத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறானால் மைக். மேலூரிலிருந்து சோழவந்தான் வரைக்கும் நான் பேசாத மைதானம் குறைவு. படம் வந்துவிட்டதால் பேச்சு குறையும் என்றார்கள். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அது நடக்காது. இங்கே வர்ணனையாளனின் மைக் நேரலைக்கு மட்டும் போவதில்லை, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகளுக்கும் அதே மைக்தான். கோல் போட்டவருக்கு வேட்டி, துண்டு அன்பளிப்பு செய்பவர் பெயர், பொன்னாடை போர்த்தப்படும் பிரமுகர் பெயர், காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம், எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். பெனால்டி அடிக்கும்போது பொன்னாடைச் சீட்டு வரும். "ஒரு நிமிஷம் இருங்கப்பா, அடிச்சு முடிக்கட்டும்" என்று மைக்கிலேயே கெஞ்சியிருக்கிறேன்.

அபி ஆட ஆரம்பித்தது எட்டாம் வகுப்பில். கோல்கீப்பராகத்தான் நிற்பேன் என்றாள். "இடது விங் மகளுக்குக் கோல்போஸ்ட்டா?" என்றேன். "நீங்க ஓடி ஓடி என்னத்தைக் கண்டீங்க? முட்டியத்தான் ஒடைச்சீங்க. நான் நின்ன இடத்துல நிப்பேன்" என்றாள். அவளுடைய ஆட்டத்துக்கு முதல்முறை பேசிய அன்று எதிரணிப் பெண்ணின் அப்பா ஒருவர் பரணுக்குக் கீழே நின்று, "அண்ணே, மத்த பிள்ளைகளும் பந்தைத்தேன் பிடிக்குதுக. ஒங்க மக பிடிச்சா மட்டும் பேரோட சொல்றீகளே!" என்று சத்தம் போட்டார். கூட்டம் சிரித்தது. அன்று முதல் மைக்கில் அவள் பெயரைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாம் பெயரோடு வருவார்கள். அபி மட்டும் 'கோல்கீப்பர்'.

என் மனைவி வளர்மதிக்கு இதில் தீராத கோபம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில், மிக்ஸிக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்துவைத்து நேரலையை ஓடவிடுவாள். பாதி நேரம் படத்தைப் பார்க்க மாட்டாள். காது மட்டும் என்னிடம் இருக்கும். வீட்டுக்குப் போனால், "ஊரான் பிள்ளைக்கெல்லாம் பேரு வச்சிருக்கீக. நான் பெத்ததுக்கு மட்டும் பேரே வைக்கல" என்பாள். அதற்கு அபி உள்ளேயிருந்து, "ஆமாம்மா, ரேஷன் கார்டுலயும் கோல்கீப்பர்னுதான் இருக்கு" என்பாள்.

இப்போது வாடிப்பட்டி மைதானத்துக்குத் திரும்புகிறேன்.

அபி மல்லாந்து கிடந்தாள். ஒரு கை உடம்புக்கு அடியில். கையுறை போட்ட இன்னொரு கை புல்லில் விரிந்து கிடந்தது. நான் மைக்கைச் சரவணன் கையில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஏணியில் ஒரு கால் வைத்தும் விட்டேன். அங்கிருந்து பார்க்கும்போதுதான் கூட்டம் உள்ளே ஓடுவது தெரிந்தது. எங்கள் ஊரில் ஒருவர் விழுந்தால் நூறு பேர் தூக்க வருவார்கள். அன்பில்தான் வருவார்கள். ஒருவர் கையில் சோடா பாட்டில். இன்னொருவர் இரும்புச் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு ஓடுகிறார், கையில் திணித்தால் வலிப்பு நிற்கும் என்று. ரெண்டு இளவட்டங்கள் அபியின் தோளுக்கும் காலுக்கும் குனிந்துவிட்டார்கள், அலாக்காகத் தூக்க.

தலையில் அடிபட்டவளின் கழுத்து. தூக்கினால் என்ன ஆகும் என்று ஆடிய எனக்குத் தெரியும். ஏணியிலிருந்து நான் கத்தினால் பத்தடிக்குக் கேட்காது. ஓடினால், இந்த முழங்காலோடு நான் போய்ச் சேர்வதற்குள் தூக்கிவிடுவார்கள்.

சரவணனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அவன் அதை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு சிலையாக இருந்தான்.

"தூக்காதீங்க! நீலச் சட்டை தம்பி, காலை விடுங்க! பச்சைத் துண்டு அண்ணே, தோள்ல கை வைக்காதீங்க! யாரும் தொடாதீங்க! கழுத்துல அடி இருக்கலாம்!"

எட்டுக் குழாய்களிலும் என் குரல் அலறியது. நீலச் சட்டை, தீயைத் தொட்டவன் மாதிரி கையை எடுத்தான்.

"சாவி வேண்டாம் பெரியவரே, அப்படியே நில்லுங்க. சோடா வேண்டாம். வாயில எதையும் ஊத்தாதீங்க. கோச் மட்டும் பக்கத்துல இருக்கட்டும். மத்தவங்க ஆளுக்குப் பத்தடி பின்னால வாங்க. காத்து வரட்டும்."

வந்தார்கள். அந்தக் கூட்டத்தை நான் கும்பிடுகிறேன். ஒரு குரல் சொன்னதும் பின்னால் வந்தார்கள். கோச் மேரி மேடம் மண்டியிட்டு, அபியின் தலையின் இரண்டு பக்கமும் கையை அணைகொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வளர்மதியின் ஞாபகம் வந்தது. என் செல்போன் கீழே வேனில், பைக்குள், அணைத்துக் கிடந்தது. மைக் பக்கத்தில் போன் இருந்தால் இரையும் என்று வானொலிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். அடுப்படியில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேமரா வைத்திருந்தவரிடம் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன். அடிபட்டவரைக் காட்ட வேண்டாம் என்பதற்கு எங்கள் சைகை அதுதான். அவர் கேமராவைத் திருப்பிவிட்டார். படத்தில் இனி வேப்பமரமும் ஸ்கோர் பலகையும்தான். அவளுக்கு மிச்சமிருப்பது என் குரல் மட்டும்.

யார் வீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள் என்று சார் சொன்னாரோ, அது என் வீடு.

பேசினேன். பதிவில் கேட்டால் அது என் குரல் மாதிரி இல்லை. "ஆட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது. கோல்கீப்பர் பெனால்டி பாக்ஸுக்குள் கிடக்கிறார். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கிறார், தலையை அசையாமல் பிடித்திருக்கிறார். முதலுதவிப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டார். மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறார். தலையாட்டுகிறார், மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிறது என்று கை காட்டுகிறார்."

பிறகு வந்த இடம்தான் கஷ்டம். முதலுதவிப் பெண் அபியின் உள்ளங்காலைத் தட்டினார். ஒன்றும் இல்லை. 'கால் அசைகிறது' என்று சொல்ல என் நாக்கு தயாராக இருந்தது. ரெண்டு வார்த்தை. யாருக்கும் கேடு இல்லை. அடுப்படியில் ஒருத்தி மூச்சு விடுவாள். பரணில் என் முன்னால் யாரோ மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மெல்ல உள்ளங்கையைத் தூக்குவது மாதிரி இருந்தது.

"காலைத் தட்டிப் பார்க்கிறார்கள். கோல்கீப்பர் இன்னும் அசையவில்லை."

சரவணன் என் தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

மைதானத்துக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள், வாசலுக்கு வெளியே நின்றது. சைரன் போட்டுவிட்டது. ஆனால் உள்ளே வரவில்லை. ஒரே ஒரு வாசல். அதன் நடுவில் பரிசு கொடுக்க வந்திருந்த பிரமுகரின் வெள்ளைக் கார். அதை ஒட்டி அவரோடு வந்தவர்களின் பைக்குகள், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு. பொன்னாடை போர்த்த மேடைக்கு நேராக வண்டி நிற்கட்டும் என்று யாரோ பிரியத்தில் விட்டிருக்கிறார்கள். டிரைவர் இல்லை.

"வாசலை மறைத்து நிற்கும் வெள்ளைக் காரின் டிரைவர் உடனே வரவும்."

யாரும் வரவில்லை. போட்டிக் கமிட்டிக்காரர் ஒருவர் பரணுக்குக் கீழே ஓடிவந்து, "அண்ணே, அது தலைவர் வண்டிண்ணே. மைக்ல அப்படிச் சொல்லாதீங்க, மனசு சங்கடப்படுவாரு" என்றார்.

என் முப்பது வருஷ மைக் தமிழ் அங்கே கழன்றுவிட்டது.

"மேடையில இருக்குற தலைவருக்கு வணக்கம். ஐயா, ஒங்க வண்டிதேன் வாசல்ல நிக்கிது. உள்ள ஒரு பிள்ள கெடக்கு. ஒங்க டிரைவர் எங்கன்னு சொல்லுங்க. பொன்னாடைய அப்புறம் பார்ப்போம்!"

மேடையில் பெரியவர் பதறி எழுந்துவிட்டார். பாவம், அவருக்கு வண்டி எங்கே நிற்கிறதென்றே தெரிந்திருக்காது. ரோட்டுப் பக்கம் கையை நீட்டி, சாப்பிடுவது மாதிரி வாயில் வைத்துக் காட்டினார்.

"எதுத்த கடையில புரோட்டா சாப்பிட்டுக்கிட்டிருக்குற டிரைவர் அண்ணே! இலைய அப்படியே போட்டுட்டு வாங்க! கை கழுவ வேணாம்! வாசல்ல நிக்கிற மாப்பிள்ளைகளா, பைக்கைத் திறக்கச் சாவி தேடாதீங்க. தூக்குங்க! ரெண்டு பேருக்கு ஒண்ணு. அப்படித்தேன். தூக்கு! தூக்கு!"

கோலுக்குக் கத்தும் கூட்டம் பைக்குக்குக் கத்தியது. 'ஏய்… தூக்கு!' என்று ஒவ்வொரு வண்டியும் வேலியோரம் பறந்தது. டிரைவர் சால்னாக் கையோடு ஓடிவந்தார். ஸ்டியரிங்கை மணிக்கட்டால் திருப்பி, பின்பக்கமாகவே ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"ஆம்புலன்ஸ் உள்ளே வருகிறது. இடது கோட்டை ஒட்டி வாங்க. கார்னர் கொடி இருக்கு, மேலயே ஏத்துங்க, பரவால்ல. வருகிறது, பெனால்டி பாக்ஸ் பக்கம் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் இறங்குகிறது. நாலு பேர். மெல்ல. தலை, தோள், இடுப்பு சேர்ந்தாப்ல…"

அப்போது பார்த்தேன். முதலில் என் கண்ணை நம்பவில்லை. மறுபடி பார்த்தேன். வலது பூட்ஸின் நுனி.

"கால் அசைகிறது. வலது கால். மறுபடியும். கால் அசையுது! முட்டிய மடக்குறா! அசையுதுடி! அபிராமி காலை மடக்குறா!"

முதல்முறையாக மைக்கில் அவள் பெயரைச் சொன்னேன். 'டி' யாருக்கு என்று அந்த மைதானத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கூட்டம் போட்ட சத்தத்தில் பரண் ஆடியது. வெற்றிக்கென்று வைத்திருந்த வெடியை எவனோ கொளுத்திவிட்டான்.

மைக்கைச் சரவணன் கையில் திணித்தேன். "என்ன பேசண்ணே?" என்றான். "பார்க்குறதைப் பேசுடா" என்று சொல்லிவிட்டு ஏணியில் பாதி இறங்கி, மீதி விழுந்தேன். அபியை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. உள்ளேயிருந்த நர்ஸ், "மைக் அண்ணே, வாங்க, ஏறுங்க" என்று கையைக் கொடுத்து இழுத்தார்.

வண்டிக்குள் எனக்குப் பேச்சு வரவில்லை. அவ்வளவு பேசியவன் மகளின் கையுறையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினேன். அபி கண்ணைத் திறப்பதும் சொக்குவதுமாக இருந்தாள்.

"அண்ணே, தூங்க விடாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க" என்றார் நர்ஸ்.

"என்னத்தைம்மா பேச?"

"அங்க அம்புட்டு பேசுனீங்க. இங்க என்ன வந்துச்சு?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜன்னலில் பார்த்தேன். "அபி, நாம நாலுவழிச் சாலையில போய்க்கிட்டிருக்கோம். முன்னால செங்கல் லாரி. ஒதுங்குறாரு… ஒதுங்கிட்டாரு. நம்ம டிரைவர் வலது பக்கம் எடுக்குறாரு. பஸ் ஒண்ணு குறுக்க வருது. தாண்டிட்டோம். முன்னால வெறும் ரோடு. ஆளே இல்ல…"

அபியின் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"அவ ஆஃப்சைடுப்பா" என்றாள்.

ஒன்பதாம் எண்ணைச் சொல்கிறாள். நர்ஸுக்குப் புரியவில்லை. "பினாத்துறாளா?" என்று பயந்தார். "இல்லம்மா, தெளிவா இருக்கா" என்றேன். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஆஃப்சைடேதான்.

மதுரைக்குள் நுழையும் முன்பே ஓர் ஆஸ்பத்திரி. ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். பை வேனில், போன் பையில். வளர்மதியின் எண்ணை மனதில் வைத்திராத மனிதன் நான். முப்பது வருஷமாக எல்லா ஊர் அணிகளின் பெயரும் வரிசையும் மனப்பாடம், பெண்டாட்டி நம்பர் போனுக்குத்தான் தெரியும். மேரி மேடம் வந்து, "அக்காகிட்ட எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டேன். கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். மூளையில் ரத்தக் கசிவு இல்லை, கழுத்து எலும்பு சரியாக இருக்கிறது, அதிர்ச்சிதான்; ரெண்டு நாள் வைத்துப் பார்க்கலாம், ரெண்டு மூணு மாதம் பந்துப் பக்கம் போகக்கூடாது என்றார். "அந்த நேரத்துல தூக்காம விட்டாங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். நான்தான் சொன்னேன் என்று சொல்லத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் அடுத்த பயம் பிடித்தது. வளர்மதி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தனியாக. பெற்ற மகள் அசையவில்லை என்று கட்டிய புருஷன் ஊருக்கே மைக்கில் சொல்வதை, மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். வேறு எதையாவது பேசியிருக்கலாம். வேப்பமரத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம். வந்ததும், வானொலி நிலைய வாசலில் அந்த அம்மா மகனுக்கு விட்ட அறை எனக்கு விழும் என்று நினைத்தேன். விழட்டும் என்றும் நினைத்தேன்.

அபி இப்போது நன்றாக இருக்கிறாள். அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறாள். தடுக்க வளர்மதிக்கும் எனக்கும் வாய் வரவில்லை. அவள் திரும்ப கோல்போஸ்ட்டில் நிற்கும்போது நான் பரணில் இருக்க மாட்டேன், சரவணா. வேலியோரம் நின்று, 'அபி, வெளியே வராதடி' என்று பேரைச் சொல்லிக் கத்துவேன், ரெஃப்ரியை வாய் நிறையத் திட்டுவேன். மைக்கை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. நான் நிறுத்தியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

எப்படிப் பேசினேன் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன்.

வளர்மதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அடுப்படிச் சேலை, தலையில் கோதுமை மாவு. கையில் செல்போன், அதில் இன்னமும் நீ பேசிக்கொண்டிருந்தாய். என்னைத் தாண்டி உள்ளே போனாள். "என்ன கோல்கீப்பரு, எந்திரி" என்று அவள் சொன்னதும், அபி மெதுவாக ஏதோ சொன்னதும், அவள் மூக்கை உறிஞ்சிச் சிரித்ததும் கேட்டன. பிறகு வெளியே வந்தாள். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிக்கவில்லை.

"அசையலைன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப அடுப்படியில உக்காந்தவதேன், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்து வீட்டு அக்கா ஓடியாந்து, ஒண்ணும் இருக்காது வளரு, ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லுது. ஒரு வார்த்தை நம்பல. அசையலைன்னு சொன்ன நீங்களே கால் அசையுதுன்னீங்க. எந்திரிச்சுச் செருப்பைப் போட்டேன்."